பொழுது ஏறினாலும் பழுதாகாத மீன்

“கூறு முந்நூறு! கூறு முந்நூறு! வாங்ககா, பார்த்து எடுங்க. பொழுது ஏறுது!”

புளியந்தீவில், கச்சேரி அலுவலகத்துக்குக் கிட்டவுள்ள ஒரு மண்டபம். பெண்களின் கைப்பணிப் பொருள் கண்காட்சியும் விற்பனையும். மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, வாசலில் நிறைகுடம் வைத்து, எல்லாம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த அமைதிக்குள்தான் இந்தக் குரல் எழும்பியது.

நான் பின்பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எந்த மீன்காரர் வழி தவறி உள்ளே வந்துவிட்டார் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

அது என் வீட்டுக்காரர்.

கோப்பையை வைத்த இடம் தெரியாமல் ஓடினேன். காலையில் நான் அடுக்கிவிட்டுப் போன மேசை அங்கே இல்லை. கொடுவா ஒரு வரிசை, ஓரா ஒரு வரிசை, நண்டும் இறாலும் முன்னுக்கு என்று எவ்வளவு அழகாக வைத்திருந்தேன்! ஒவ்வொன்றின் வாலிலும் ஐந்நூறு ரூபாய் என்று எழுதிய சின்ன அட்டை. இப்போது அட்டைகள் எல்லாம் மேசைக்குக் கீழே கிடந்தன. மீன்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. குவியலுக்கு இரண்டு மீன். மேலே கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு இறால், அது இனாம்.

இந்தத் தொடருக்குள் இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவை எல்லாம் துணி மீன்கள். கைத்தறித் துண்டுகளை வெட்டி, இலவம் பஞ்சு அடைத்து, செதில் செதிலாக நான் கையால் தைத்தவை. குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்குவதற்கு.

“என்ன வேலை செய்யிறீங்க?” என்று அவர் காதுக்குள் கேட்டேன்.

“பதினொரு மணியாப் போச்சி. காலமை மூண்டு போனதோட ஒண்டும் அசையல்ல. மறுகா என்ன, விலையை இறக்கத்தானே வேணும்?”

“இது துணிங்க! இருந்தாப் பழுதாப் போயிருமா?”

அவர் கையிலிருந்த கொடுவாவைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

மணிக்கூடு பார்க்கிற விலை

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நவரெத்தினம் என்கிற அந்த மனிதர் முப்பது வருஷமாக வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். விலை என்றால் அவருக்கு ஒரு விஷயம்தான் தெரியும். வெள்ளன ஆறு மணிக்குத் தோணி கரைக்கு வரும்போது மீன் நிமிர்ந்து நின்று விலை கேட்கும். எட்டு மணிக்கு அது கொஞ்சம் இளகும். பத்து மணிக்கு ஈ வரும். பதினொரு மணிக்கு யார் என்ன கேட்டாலும் கொடுத்துவிட்டு, இடுப்புச் சாரத்தை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

எங்கள் கரையில் எல்லாருமே அப்படித்தான் விற்கிறார்கள். தராசு இல்லை. படங்குத் துணியை விரித்துக் கூறு போடுவார்கள், கூறுக்கு விலை சொல்வார்கள். பொழுது ஏற ஏற விலை இறங்கும். வாங்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். கையில் பசையுள்ளவர்கள் ஆறு மணிக்கு வருவார்கள். நாங்கள் பதினொரு மணி ஆட்கள்.

அந்த மண்டபத்தில் மணிக்கூடு பதினொன்று காட்டியதும் அவருக்கு உள்ளுக்குள் பதற்றம் வந்துவிட்டது. அவர் கையும் வாயும் தங்கள் பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டன.

சிரிப்பதா அழுவதா என்று நான் நின்ற நேரத்தில் வெள்ளிச் சட்டம் போட்ட கண்ணாடிக்காரப் பெண் ஒருவர் வந்தார். கொழும்பில் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு கொடுவாவை எடுத்துச் செதிலைத் தடவினார், தையலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்துக் கூறு எடுத்தார். இருபது மீன், பத்து இறால், மூவாயிரம் ரூபாய். என் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“பார்த்தியா?” என்றார் இவர், அவ்வளவு பெருமையோடு.

ஒரு மீனுக்குத் துணி, பஞ்சு, நூல் என்று எனக்கே நூற்றெண்பது ரூபாய் முடிந்திருந்தது. அதை அவரிடம் அந்த இடத்தில் சொல்ல மனம் வரவில்லை.

“நீங்க பார்த்துத் தாங்க”

அவரை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. என் கதை அதைவிட மோசம்.

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு மீன் கேட்டு வருவாள். “எவ்வளவு கா?” என்பாள். எனக்கு உடனே முகம் சிவந்துவிடும். ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவள்போலக் குனிந்துகொண்டு, “என்னகா விலையும் கிலையும், நீங்க பார்த்துத் தாங்க” என்பேன்.

அவர்கள் பார்த்துத்தான் தந்தார்கள். ஒருத்தி இருநூறு தந்தாள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம். ஒருத்தி ஏழு முருங்கைக்காய் கொண்டுவந்து, “எட்டு இருந்தது, ஒண்டு முத்திப்போச்சி” என்று கணக்கும் காட்டிவிட்டுப் போனாள். அந்த வீட்டு முருங்கைக்காயை நான் வேலிக்கு மேலால் கேட்டாலே தருவார்கள். அதற்கு இரண்டு நாள் உட்கார்ந்து நண்டுக்குப் பத்துக் கால் தைத்திருக்கத் தேவையில்லை.

ஊரில் சொந்தக்காரர், அயலட்டைக்காரர் முகத்தைப் பார்த்து விலை சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. அது நாக்கூச்சம். கடையில் முதலாளி சொல்லலாம், நாங்கள் சொன்னால் திமிர். “குவைத்துக்குப் போய்வந்த திமிர்” என்று எனக்குத் தனியாக ஒரு பட்டமும் காத்திருந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் மீனைத் தூக்கிப் பிடித்து, “இது பாடுமா?” என்று கேட்பார்கள். எங்கள் வாவியில் மீன் பாடுகிறது என்று உலகத்துக்கே தெரியுமாம். இவர் ஒருநாள் பொறுமை இழந்து சொன்னார்: “முப்பது வருஷமா வலை வீசுறன் ஐயா. ஒரு மீனும் எனக்குப் பாடல்ல. நான்தான் அதுகளுக்கு ஏசியிருக்கன்.”

பெட்டிக்குள் இருந்த பிள்ளை

இந்த மீன்களுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது. நீல நிறம், சில்லு வைத்த பெரிய சூட்கேஸ்.

மகள் ஜனனிக்கு மூன்று வயதாக இருந்தபோது முதல்முறை குவைத்துக்குப் போனேன். புறப்படுகிற அன்று காலையில் உடுப்புகளை அடுக்கிவிட்டுத் திரும்பினால், பிள்ளை பெட்டிக்குள் ஏறி என் சேலைகளுக்கு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். “மூடுங்க அம்மா, நான் சத்தம் போட மாட்டன்” என்றாள். அவளைத் தூக்கி வெளியே விட்டது நான்தான். அதை இன்றைக்கு எழுதும்போதும் கை நிற்கிறது.

ஆறு வருஷம் கழித்து வந்தேன். அங்கே நான் வேலை செய்த வீட்டின் பழைய திரைச்சீலையில் தைத்து அனுப்பிய மீன்தான் என் முதல் மீன். அதற்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஜனனி அதை வைத்துக்கொண்டே வளர்ந்திருந்தாள்.

நான் சொல்லும் காலத்தில் அவளுக்குப் பதினான்கு. வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்தோடு நின்றுபோயிருந்தது. சாமான் விலை எல்லாம் ஏணி வைத்து ஏறியது. வாவியில் மீன் குறைந்த பருவம் வேறு. மீண்டும் குவைத்துக்குப் போவதென்று முடிவெடுத்தேன். கடவுச்சீட்டை ஏஜென்சியில் கொடுத்து, மெடிக்கலும் எடுத்தாயிற்று. ஒப்பந்தத் தாளில் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, பாதி உடுப்பும் வைத்துவிட்டேன்.

கண்காட்சிக்குப் போனதே, கடைசியாக ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்றுதான். மீன் தைத்து வாழ முடியுமென்றால் நான் போகத் தேவையில்லை. அந்த ஆசையைத்தான் இவர் கூறு போட்டு விற்றிருந்தார்.

ஜனனி பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டும்போது பெட்டியைச் சுற்றிக் கூட்டுவாள். அவ்வளவுதான்.

ஏறாவூர்த் தறி

கண்காட்சிக்கு ஐந்து நாள் கழித்து ஏறாவூருக்குப் போனேன். அங்கே ஹமீதா என்று எனக்கொரு கூட்டாளி. என் வயதுக்காரி. வீட்டில் இரண்டு தறி போட்டுச் சேலையும் சாரமும் நெய்கிறாள். அவளிடம் மிஞ்சுகிற வெட்டுத் துண்டுகளைத்தான் நான் கிலோக் கணக்கில் வாங்குவேன்.

நான் போன நேரம் ஒரு பெண் சேலை ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஹமீதா விலையைச் சொன்னாள். பிறகு நூல் சுற்றத் தொடங்கினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் விலை கூட என்றார். ஹமீதா நூல் சுற்றினாள். கடையில் இதைவிடக் குறைவு என்றார். நூல் சுற்றினாள். எழும்பி வாசல்வரை போனார். அப்போதும் நூல் சுற்றினாள். அந்தப் பெண் திரும்பி வந்து, சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு, “நல்ல சேலை” என்று சொல்லிக்கொண்டு போனார்.

நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்காட்சிக் கதையைச் சொன்னேன். மணந்து பார்த்த இடத்தில் ஹமீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நூற்றைம்பது என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நூத்தியம்பதா? என்ட துணியிலயா ராணி?”

“ஓம்.”

“நான் சாயம் போட்டு, நூல் காயவச்சி, இடுப்பு நோக நெய்யிறன். அந்தத் துணிய ஐஸ் இல்லாத மீன் மாதிரி வித்திட்டு வந்திரிக்காய். நாளைக்கு ஆரும் வந்து, இந்தத் துணிதானே அங்க நூத்தியம்பதுக்குக் கிடக்கு எண்டு கேட்டா நான் என்ன சொல்ற?”

நான் வெறும் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“சரி, உன்ட மீனுக்கு என்ன வெலை?”

“அது... பார்த்து...”

“ஆரு பார்க்கிற? நீ பாரு. வெலையோட வா, துண்டு தாறன். வெலை இல்லாம வந்தா இனி ஒரு முழமும் இல்ல. அல்லாட மேல ஆணை.”

என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வெறும் பையோடு பஸ் ஏறினேன். குவைத்துக்குப் போகிறவளுக்கு எதற்குத் துண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேரே ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போடப் போனேன்.

ஒரு நாளின் விலை

ஏஜென்சிக்காரர் நல்ல மனிதர். தாளை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினார். வீட்டு வேலை, சமையல், பிள்ளை பார்த்தல். மாதச் சம்பளம் இவ்வளவு தினார்.

“எங்கட காசுக்கு எவ்வளவு வரும்?” என்றேன்.

“ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வரும் கா.”

பேனை கையில் இருந்தது. என்ன நினைத்தேனோ, பஸ் டிக்கற்றைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் முப்பதால் பிரித்தேன். நாளொன்றுக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய், கிட்டத்தட்ட.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் வீட்டில் நான் ஒரு நாள் இருந்தால் மூவாயிரத்து இருநூறு. அதே கை, அதே கண், அதே இடுப்பு நோவு. என் வீட்டில் இருந்து ஒரு நாள் முழுக்கத் தைத்தால் என் நாளுக்கு என்ன விலை? ஒன்றுமே இல்லை. துணியை எழுதினேன், பஞ்சை எழுதினேன், நூலையும் எழுதினேன், என்னை ஒருநாளும் எழுதவில்லை. முருங்கைக்காய்க்காரி எட்டாவது காய்க்குக் கணக்குச் சொன்னாளே, அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

சமையல், கூட்டல் போக நான் நாளைக்கு மூன்று மீன் தைப்பேன். அந்த மூவாயிரத்து இருநூறை மூன்றாகப் பிரித்தேன். மேலே நூற்றெண்பதைக் கூட்டினேன். கொஞ்சம் முன்பின்னாக ஆயிரத்து இருநூற்றைம்பது வந்தது.

அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு பெரிய தொகையை யார் தருவார் என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அந்த எண்ணை நான் யாரிடமும் கெஞ்சி வாங்கவில்லை, வாய்க்கு வந்தபடி சொல்லவும் இல்லை. அதற்குக் கீழே விற்றால் நான் குவைத்துக்குப் போகத்தான் வேண்டும். அது கிடைத்தால் போக வேண்டாம். விலை என்றால் அதுதான்.

“எனக்கு ஒரு கிழமை தாங்க” என்றேன்.

“ஒரு கிழமைதான் கா. அங்கால என்ட கையில இல்ல” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விலையைச் சொன்னேன். ஊசியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“ஆயிரத்து இருநூத்தம்பதா? உனக்கென்ன பைத்தியமா? அந்தக் காசுக்கு நிசக் கொடுவா வாங்கிக் கறி வைக்கலாமே!”

டிக்கற்றைக் காட்டினேன். அவருக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறினால் இறங்காது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

“இந்த விலைக்கு வித்தா, நீ போகமாட்டயா?”

“போகத் தேவையில்ல.”

டிக்கற்றை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அப்ப அதுதான் விலை” என்றார்.

மத்தியானத்தில் வந்த அழைப்பு

விலை கிடைத்தது. வாங்க ஆள் கிடைக்கவில்லை. அடுத்த நாலு நாளும் வந்தவர்களிடம் தலையை நிமிர்த்தி விலையைச் சொன்னேன். “ஆத்தே!” என்று நெஞ்சில் கை வைத்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். திமிர்ப் பட்டமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. கிணற்றடியில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தேன், இது நிஜ மீன். தொலைபேசி அடித்தது. கை முழுக்கச் செதில். ஜனனி ஓடிவந்து எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுப் பிடித்தாள். இவரும் வலையை விட்டு எழும்பி வந்தார்.

கொழும்புக் கண்ணாடிக்காரப் பெண்தான்.

“அக்கா, அந்த இருபது மீனும் ஒரு கிழமையில போயிட்டு. எனக்கு இன்னும் இருநூறு வேணும். அதே விலைதானே?”

இருநூறு! “இல்ல மிஸ்” என்றேன். “ஒண்டு ஆயிரத்து இருநூத்தம்பது.”

அவர் குரல் உயர்ந்தது: “என்னக்கா இது? அன்னைக்கு நூத்தம்பதுக்குத்தானே குடுத்தீங்க? பத்து நாள்ல இப்படி ஏறுமா?”

அவர் கேட்டதிலும் பிழையில்லை. நாக்கு தன் பழைய வழிக்குப் போய்விட்டது. ‘நீங்க பார்த்துத் தாங்க’ என்பது தொண்டைவரை வந்துவிட்டது.

இவர் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

“மிஸ், நான் அவட புருஷன். அண்டைக்குச் சத்தம் போட்டு வித்தது நான்தான். நான் மீன்காரன். பதினொரு மணிக்குப் பிறகு விலையை இறக்கித்தான் எனக்குப் பழக்கம். இவ தைக்கிற மீன் பழுதாகாது எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியாமப் போச்சி. பிழை என்னில. விலை அவ சொன்னதுதான்.”

இத்தனை வருஷத்தில் அவர் தன் பிழையை ஒருவரிடம் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. வலை கிழிந்தால்கூட நண்டில் பிழை சொல்கிற மனிதர்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. “ஆயிரத்துக்குத் தாங்களேன்” என்றார் அவர், சிரிப்போடேயே.

ஹமீதாவுக்கு நூல் இருந்தது. எனக்குச் செதில்தான் இருந்தது. நான் குனிந்து மீனை உரசத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் உரசினேன். ஜனனி தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இரிக்கன் மிஸ்.”

“சரி. ஆயிரத்து இருநூத்தம்பது. ஆனா அந்த விலைக்கு இருநூறு எடுக்க ஏலாது. மாசம் அம்பது அனுப்புங்க. நல்லாப் போனா கூட்டுவம்.”

மாதம் ஐம்பது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். துணிக் காசு போக, குவைத் சம்பளத்தில் பாதியைவிடச் சொட்டுக் கூட. அரைக் குவைத். சுவர் மெதுவாகத்தான் எழும்பும். எழும்பட்டும். என் பிள்ளை முழுதாக என்னோடு இருப்பாள். நான் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, செதில் கையோடு முகத்தை மூடிக்கொண்டு ஆசைதீர அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் அழுததில்லை.

அழுது முடித்து உள்ளே போனால், ஜனனி பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். என் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் போய் உலையை வைத்தேன்.

பெட்டி புறப்பட்டது

திங்கட்கிழமை ஏஜென்சியில் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கினேன். அன்றே ஏறாவூருக்கும் போனேன். வாசலில் நின்றபடியே, “ஆயிரத்து இருநூத்தம்பது” என்றேன். ஹமீதா எழும்பி, ஓரம் வெட்டாத நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினாள். தராசில் வைத்தபிறகு, “இனி கிலோவுக்கு அம்பது ரூபா கூட” என்றாள். அவள் அவள்தான்.

முதல் ஐம்பது மீனையும் தைத்து முடித்தபோது இன்னொரு சிக்கல். எதில் அனுப்புவது? சாக்கில் கட்டினால் நசியும், மழை நனைக்கும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த நீலப் பெட்டியைப் பார்த்தோம்.

பஞ்சு மீன் அடங்குமா? ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் வால் வெளியே வந்தது. கடைசியில் ஜனனி மூடியின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இழுங்க அம்மா!” என்றாள். நான் சிப்பை இழுத்து மூடினேன். மூன்று வயதில் அதே பெட்டிக்குள் இருந்தவள் இப்போது அதற்கு மேலே இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலைக் கொழும்பு பஸ்ஸுக்கு மூவருமாகப் போனோம். கண்டக்டர் பெட்டியை வாங்கிப் பஸ்ஸின் அடித்தட்டில் வைத்தார். அந்தப் பெட்டியும் அந்த இடமும் எனக்கு என்ன செய்யும் என்று தெரியும். நெஞ்சு பழக்கத்தில் ஒருதரம் அடைத்தது. ஜனனியின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கும் பழக்கம்தான்.

பஸ் உறுமியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்: “பெட்டிக்கார ஆள் ஆரு? ஏறுங்க கெதியா, பஸ் எடுக்கப்போகுது!”

“ஆள் போகல்ல தம்பி” என்றேன். “பெட்டி மட்டும்தான்.”